தேர்தலில் பணம்: நம் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மன்றத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. வருகைப் பதிவேடு மேசையில் இருக்கிறது. புரட்டிப் பார்த்தால் சிலருக்கு வருத்தம் வரலாம்.

ஆண்டு பிறக்கும்போதே மக்களவைத் தேர்தல் வாசலில் நின்றது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவுக்கு முன்பு, வழக்கம்போல் வீடு வீடாகச் சென்று, வாக்குக்குப் பணம் வாங்காதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்தோம். ஒரு வீட்டில் அதை முழுவதும் படித்துவிட்டு ஓர் அம்மா கேட்டார்: "தெரு முழுக்க வாங்கியிருக்கிறது. நான் மட்டும் வேண்டாம் என்றால் எதிர்க்கட்சி ஆள் என்று குறித்துக்கொண்டு போவார்கள். நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது, உங்கள் மன்றத்திடமா?" உடன் வந்த நண்பர் சி-விஜில் செயலியைப் பற்றி எடுத்துச் சொன்னார். பணப்பட்டுவாடாவைப் படம் எடுத்து அதில் அனுப்பினால் 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது தேர்தல் ஆணையத்தின் உறுதி. பெயரை மறைத்தும் புகார் அனுப்பலாம். "பெயரை மறைக்கலாம், ஐயா. கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்பவளைத் தெரு பார்க்காதா?" என்றார் அவர். துண்டறிக்கையில் அதற்குப் பதில் இல்லை.

வாங்குபவரிடமே நாம் ஓயாமல் உபதேசம் செய்துகொண்டிருக்கிறோம் என்ற குறை எனக்கு முன்பே உண்டு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலிலிருந்து வாக்குக்குப் பணம் என்ற பேச்சு நடக்கிறது. அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளில் 2016இலும், ஆர்.கே. நகரில் 2017இலும், வேலூரில் 2019இலும் பணப்பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்திப் பார்த்தார்கள். சில மாதங்களில் அங்கெல்லாம் தேர்தல் மறுபடி நடந்தது. இடைப்பட்ட காலத்தில் பிரதிநிதி இல்லாமல் இருந்தவர்கள் வாக்காளர்கள்தான். எனவே, கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இவ்வாண்டு கவனத்தைத் திருப்பினோம்.

முதலில் தேர்தல் பத்திரங்கள் குறித்த கருத்தரங்கு. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல், ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்கு நன்கொடையாகக் கொடுக்க வழிசெய்த திட்டம் அது. அத்திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லாது என்று அறிவித்ததை எல்லோரும் அறிவீர்கள். விவரங்களை வெளியிட ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட ஸ்டேட் வங்கிக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. வெளிவந்த பட்டியலில் முதலிடம் பிடித்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங், ரூ.1,368 கோடி. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை விதித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்கள் வழியாக அதிகம் பெற்றது பாஜக, ரூ.6,000 கோடிக்கு மேல். திமுக பெற்ற ரூ.656.5 கோடியில் ரூ.509 கோடி அந்த லாட்டரி நிறுவனம் கொடுத்தது. இந்த எண்களைப் பலகையில் எழுதியதும் அரங்கில் ஒரு பக்கம் கைதட்டியது. அடுத்த வரியை எழுதியதும் மறுபக்கம் கைதட்டியது. இரண்டு வரிக்கும் கைதட்டியவர்கள் சிலரே. அவர்களை நம்பித்தான் மன்றம் நடக்கிறது.

ஆண்டின் உருப்படியான பணி என்று நான் கருதுவது அடுத்ததைத்தான். வேட்பாளர்கள் தங்கள் செலவுக் கணக்கை முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளின்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் அதைப் பார்வையிடலாம். இந்த விதி நம்மில் பலருக்கும் புதிது. விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தருக்கும் புதிது. விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்துப் பார்த்தவர், பிறகு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

பதிவேட்டில் அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். தேநீர், நாற்காலி வாடகை, ஒலிபெருக்கி, ஆட்டோ என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். விலைகளெல்லாம் மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த பட்டியலோடு பிசகாமல் பொருந்தின. ஊரே பார்த்து வாய்பிளந்த கூட்டங்கள் தாளில் சில நூறு நாற்காலிகளாகச் சுருங்கிக் கிடந்தன. நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற தணிக்கையாளர், "பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது, மெய் என்று ஒரு பக்கத்தைக்கூட நம்ப முடியாது" என்றார். ஆணையத்தின் குழுவினர் தனியாக எழுதும் நிழல் பதிவேட்டோடு ஒப்பிட்டபோதுதான் சில வரிகளில் வித்தியாசம் தெரிந்தது. அவற்றை எழுத்துமூலம் அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை.

நம் மாநிலத்தில் மக்களவை வேட்பாளருக்கு உச்சவரம்பு ரூ.95 லட்சம். அவரை நிறுத்திய கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் வராது. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் தலையில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் ஒரு வழக்கில் சொன்னது. அதே ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கினார்கள். அரை நூற்றாண்டாகத் திறந்து கிடக்கும் கதவு இது. கட்சிச் செலவுக்கும் வரம்பு வேண்டும் என்று நாம் நிறைவேற்றிய தீர்மானத்தைத் தேர்தல் ஆணையத்துக்கும் நம் தொகுதி உறுப்பினருக்கும் அனுப்பினோம். உறுப்பினர் அலுவலகத்திலிருந்து பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது.

நிதிநிலையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஒன்றை மட்டும் நான் சொல்ல வேண்டும். டிசம்பரில் ஒரு நண்பர் மூலமாக, பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு ஒரு தொகை வந்தது. கட்டடப் பராமரிப்புக்குப் பணம் தேவைப்பட்ட நேரம் என்பதால் செயற்குழுவில் சூடான விவாதம் நடந்தது. பத்திரத் தீர்ப்பைக் கொண்டாடிக் கருத்தரங்கு நடத்திவிட்டு இதை வாங்குவது எப்படி என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டதும் விவாதம் முடிந்தது. தொகையைத் திருப்பிவிட்டோம். கூரை இன்னும் ஒழுகுகிறது.

2026இல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. அதில் வேட்பாளருக்கான வரம்பு ரூ.40 லட்சம். கூட்டங்கள் நடக்கும்போதே நாற்காலி, வாகனம், பதாகை ஆகியவற்றை எண்ணித் தேதியோடு குறித்து வைத்தால், பிறகு பதிவேட்டோடு ஒப்பிட நம் கையிலும் ஒரு கணக்கு இருக்கும். இதற்குத் தொகுதியின் ஒவ்வொரு பகுதிக்கும் இருவர் தேவை. எந்தக் கட்சியிலும் பொறுப்பு வகிக்காதவராக இருத்தல் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் இக்கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரைப் பார்க்கவும்.

காலியாக உள்ள இரண்டு செயற்குழு இடங்களுக்கான தேர்தல் அடுத்து நடைபெறும். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்