பெரியவனுக்கு, நம்ம படகைப் பற்றி

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். பஹ்ரைனில் வெயில் கடுமை என்று அம்மாவுக்குக் கவலை. நேரத்துக்குத் தண்ணீர் குடி.

அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நங்கூரக் கயிறு கட்டும் வளையம் ஆடுகிறது என்று சின்னவன் சொன்னதும் "போல்டை இறுக்கிவிடு" என்றாய். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். நீயும் அங்கே ஃபைபர் படகில்தான் தொழிலுக்குப் போகிறாய்.

ஃபைபருக்குள்ளே பலகை இருக்கிறது. போல்ட் ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் இறங்கினால் அது ஊறி நைந்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறுக்க இறுக்க நைந்த பலகை அமுங்கும், கொஞ்ச நாளில் மறுபடி ஆடும். நங்கூரம் போட்டு நிற்கையில் பெரிய அலை தூக்கினால் வளையம் பலகையோடு பிய்ந்து போகும். அப்போது படகில் இருப்பவன் உன் தம்பி.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இது. ஜூன் 14 வரை அக்கரைப்பேட்டையில் ஃபைபருக்குப் பூசும் பசையான ரெசின் வேலைக்காரர்கள் எல்லோரும் அந்தப் படகுகளைப் பழுதுபார்ப்பதில்தான் கிடக்கிறார்கள். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினோம்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் 'டொக்' என்று கேட்டது, வளையத்துக்குப் பக்கத்தில் சத்தமே செத்துக் கிடந்தது. போல்டைக் கழற்றியதும் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. ஓட்டைக்குள் விட்ட கம்பியில் கறுத்த மரத்தூள் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது, ஒரே புளித்த வாடை. நைந்ததை எல்லாம் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டோம். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. அவசரப்படவே கூடாத வேலை இதுதான்.

அப்புறம் ஓட்டையைப் பெரிதாக்கி, கண்ணாடி இழைத்தூள் கலந்த ரெசினால் முழுக்க அடைத்தோம். 100 கிராம் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒன்று முதல் இரண்டு கிராம் போதும். விடியற்காலையில் கலக்கு, வெயில் ஏறினால் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். நன்றாக இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட் அளவுக்குப் புது ஓட்டை. இனி தண்ணீர் கசிந்தாலும் சுற்றிலும் ரெசின்தான், பலகையைத் தொடாது. அடியில் வெறும் வாஷர் போடாமல் அகலமான தகடு வைத்தோம், இழுவை ஒரே இடத்தில் விழாமல் பரவும். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் கொஞ்சம் மலிவுதான், ஆனால் உப்பில் சீக்கிரம் அரிக்கும். தண்ணீர் புகாமல் இருக்க போல்டைச் சுற்றிச் சிலிக்கான் பூசவே பூசாதே, அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது. பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் வாங்கு. முதலில் பாதி இறுக்கி, சீலன்ட் இறுகியதும் மீதியை இறுக்கு. ஒரேயடியாக முறுக்கினால் எல்லாம் வெளியே பிதுங்கிவிடும்.

உங்கள் முதலாளி படகிலும் கயிறு கட்டும் இடம், இஞ்சின் உட்காரும் பலகை இரண்டையும் தட்டிப் பார். சத்தம் மாறினால் அவரிடம் சொல்லிக் கழற்றிப் பார்க்காமல் கடலுக்குப் போகாதே. போட்டோ எடுத்துச் சின்னவனுக்கு அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா