உன் தம்பிக்கு நான் மார்க்கம் சொல்லப்போன கதை

நாகப்பட்டினம்

அன்புள்ள மரைக்காருக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. வெளிநாட்டிலிருந்து கையால் எழுதிக் கடிதம் போடுகிற ஆள் இன்னும் இருக்கிறாரா என்று தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பேரன் நீச்சல் கற்றுக்கொண்டதும், உனக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் நல்ல செய்தி. இங்கே எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இத்தனை நாள் தெரியாத ஒட்டடையெல்லாம் இப்போது தெரிகிறது. அதனால் எனக்குத்தான் வேலை கூடிவிட்டது.

சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்காவைப் போய்ப் பார்த்ததாக எழுதியிருந்தாய். 1830இல் கட்டி முடித்த கட்டடம், இப்போது கண்காட்சி போல வைத்திருக்கிறார்கள், உள்ளே நின்றதும் ஊர் வாசனை வந்தது என்று. அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஊர் நினைவு வரவில்லை. குற்ற உணர்ச்சிதான் வந்தது. நம் நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி சமயத்தில், அந்தத் தர்காவை வைத்து உன் தம்பியோடு நான் சண்டை போட்டுவிட்டேன். அவன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான். வேறு யார் வாயிலாகவும் நீ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தர்காவுக்குச் சந்தனம் கொண்டுபோகும் சந்தனக்கூடு இங்கிருந்து நாகூருக்குப் புறப்படுகிற இரவு. ஏதோ பத்திரம் விஷயமாக அவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் விளக்குகள் நகர்வது தெரிந்தது, தாரை தப்பட்டை கேட்டது. "வா, முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்றேன். "நீங்கள் போய்வாருங்கள் அண்ணே, நான் இருக்கிறேன்" என்றான். அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "உன் வாப்பா தோளில் உட்கார்ந்து நீ பார்த்த கூடுதானே இது?" என்று கேட்டேன்.

அவன் நிதானமாகத்தான் பதில் சொன்னான். சவூதியில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் உட்கார்ந்து படித்தானாம். கடமையான தொழுகையில் மட்டும் ஒரு நாளைக்குப் பதினேழு முறை குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதுகிறோம், "உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்" என்று அதில் சொல்கிறோம்; சொல்லிவிட்டு இறந்துபோன ஒரு பெரியவரிடம் போய்க் கை நீட்டினால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இதெல்லாம் நீ அங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. நம் ஊர் இஸ்லாம் இது இல்லை" என்றேன். 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங் என்பதில் ஆரம்பித்து, என் முதல் மொட்டை அந்தக் குளக்கரையில் அடித்ததுதான் என்பது வரைக்கும் பிரசங்கம் செய்தேன். அம்மாவுக்குக் கை வீக்கம் வடிந்ததும் வெள்ளித் தகட்டில் கை உருவம் வாங்கிப் போட்டதையும் விடவில்லை. கொஞ்சம் எண்ணிப்பார், மரைக்காரே. ஐந்து வேளை தொழுகிறவனிடம், வாழ்நாளில் ஒரு வேளைகூடத் தொழாதவன் உட்கார்ந்துகொண்டு, உன் மார்க்கம் இது இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் தேநீரைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீடு மாதிரியே இருக்கிற இஸ்லாம்தான் உங்களுக்குப் பிடிக்கிறது" என்றான். பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இஸ்லாத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்ன, அது எந்த வழியாக எனக்குள் வந்தது என்று பழைய பெட்டியைக் கவிழ்ப்பது போலக் கவிழ்த்துப் பார்த்தேன்.

முதலில் விழுந்தது தூக்குவாளி. நாம் பத்தாம் வகுப்பு படித்த 1971இல் நோன்பு ஐப்பசி அடைமழையில் வந்தது, நினைவிருக்கிறதா? உம்மா எங்கள் வீட்டுக்கென்று கறி போடாமல் தனியாகக் காய்ச்சிய கஞ்சியை நீ சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, நாகூரிலிருந்து நனைந்தபடி வருவாய். மூடியைத் திறந்தால் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஆவி முகத்தில் அடிக்கும். அந்த ஆவிதான் எனக்கு ரொம்ப நாள் வரைக்கும் இஸ்லாம். உம்மா கூடத்தில் உட்கார்ந்து, வலப்பக்கத்திலிருந்து விரலை ஓட்டி ஒரு புத்தகம் படிப்பார். எழுத்து அரபு, ஆனால் காதில் விழுவது தமிழ். எனக்குப் புரிகிறதே என்று திடுக்கிட்டு நின்றிருக்கிறேன். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர் உண்டு என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது வேறு. கஜினி முகமது பதினேழு முறை வந்தார், 1311இல் மாலிக் கபூர் மதுரைக்கு வந்தார். வந்தவர்கள் எல்லாரும் குதிரை மேல், வாளோடு வந்தார்கள். நம் கரைக்கு அரபிக் குதிரை விற்க வந்தவர்களும், பாண்டியர் காலத்துக் காயலில் கப்பல் கட்டி நிறுத்தியவர்களும் பாடத்தில் இல்லை. மரக்கலத்திலிருந்துதான் மரைக்காயர் என்ற பெயர் வந்தது என்று உன் வாப்பா சொல்வார். சரித்திர ஆசிரியர் சொன்னதில்லை. முன் பெஞ்சில் நான் கஜினியைப் பற்றிப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன். பின் பெஞ்சில் நீ ஒருவன் உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்கு உறைத்ததே கிடையாது. உனக்கு உறைத்திருக்கும். நீ சொன்னதில்லை.

சினிமா அதற்கு ஒரு படி மேல். அதில் வருகிற பாய்க்கு எப்போதும் தமிழ் வாயில் நுழையாது. "நம்பள்கி நிம்பள்கி" என்பார். உன் வீட்டில் "சோறு ஆக்கியாச்சா, பசியாறினாயா" என்று பேசுகிற தமிழைக் கேட்டுவிட்டு, கொட்டகையில் இதற்கும் நான் சிரித்திருக்கிறேன். தொண்ணூறுகளுக்குப் பிறகு அந்தப் பாயின் கையில் வெடிகுண்டைக் கொடுத்தார்கள். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

இன்னொன்று கவனித்தேன். ஒருவர் பேச்சில் என்ன சொல் வருகிறது என்பதை வைத்தே அவருக்கு இஸ்லாம் எந்த வழியில் தெரியவந்தது என்று சொல்லிவிடலாம். செய்தித்தாள் வழியாகத் தெரிந்தவர் "மசூதி" என்பார். அண்டை வீட்டு வழியாகத் தெரிந்தவர் "பள்ளிவாசல்" என்பார். பழகியவர் தொழுகை, நோன்பு என்பார். தொலைக்காட்சி பார்த்தவர் நமாஸ், ரம்ஜான் என்பார். சமணர் இருந்த இடமும் பள்ளி, நாம் படித்த இடமும் பள்ளி, நீங்கள் தொழுகிற இடமும் பள்ளி. இப்படித் தன் பழைய சொல்லையே எடுத்துக் கொடுத்திருக்கிறது தமிழ். என் மகனோ சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு மசூதி என்கிறான். அவனுக்குத் தூக்குவாளி வந்ததில்லை.

சரி, நான் பள்ளிவாசல் என்று சொல்கிறவன்தானே, எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். காலை நடைக்கு வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஒரு வசனம் வந்தது. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம், ஐந்தாவது வசனம். "கொல்லுங்கள்" என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையில் போட்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் வாப்பா என் அப்பாவுக்குக் கொடுத்த அப்துல் ஹமீது பாகவியின் குர்ஆன் மொழிபெயர்ப்பு எங்கள் அலமாரியில் இருக்கிறது அல்லவா, 1949இல் முழுதாக வந்தது, அதை முதன்முதலாகத் தூசி தட்டி எடுத்தேன். அதற்கு முந்தைய வசனம், உடன்படிக்கையை மீறாதவர்களோடு அதைக் கடைசி வரை காப்பாற்றச் சொல்கிறது. அடுத்த வசனம், அடைக்கலம் கேட்டு வருகிறவனுக்கு அடைக்கலம் கொடு, இறைவன் வாக்கைக் கேட்கட்டும், பிறகு அவனுக்குப் பயமில்லாத இடத்தில் கொண்டுபோய் விடு என்கிறது. முன்னும் பின்னும் வெட்டி நடுத்துண்டை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

இதைக் குழுவில் எழுதிப்போட்டேன். பெருமையாக இருந்தது. அடுத்த நாள் நம் பக்கத்து நல்லவர் ஒருவர் எனக்கு ஆதரவாக இன்னொரு வசனம் போட்டார்: ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவன் போல. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! புத்தகம் கையில் இருந்ததால் அதையும் பார்த்தேன். ஐந்தாம் அத்தியாயம், 32. அது இஸ்ரவேலருக்கு விதித்ததாகத் தொடங்குகிறது. கொலைக்குப் பழியாகவோ, பூமியில் குழப்பம் செய்ததற்காகவோ அன்றி என்று நடுவே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அடுத்த வசனம் கடுமையான தண்டனைகளைச் சொல்கிறது. ஆக, ஏசுகிறவர் கையிலும் கத்தரிக்கோல், புகழ்கிறவர் கையிலும் கத்தரிக்கோல். அன்று அதை நான் குழுவில் எழுதவில்லை. நம் ஆள் முகம் சுருங்கிவிடுமே என்று விட்டுவிட்டேன். நானும் ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தேன் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். உன் தம்பி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

முதலிலிருந்து வரிசையாகப் படித்துவிடலாம் என்றும் உட்கார்ந்தேன். நூற்றுப் பதினான்கு அத்தியாயம். பெரியவை முன்னால், சிறியவை பின்னால், பெரும்பாலும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறார்கள், காலவரிசை இல்லை. கதைப்புத்தகம் போலப் படிக்கப் போனவன் இரண்டாம் அத்தியாயத்திலேயே திணறிவிட்டேன். கூட ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் நடக்கிற காரியம் இல்லை இது.

உன் தம்பி சொன்ன அந்த ஒரு வாக்கியம் விடாமல் என்னைத் துரத்தவே, நபிகளின் வாழ்க்கையைத் தமிழில் பாடிய சீறாப்புராணத்தை எடுத்தேன். ஐயாயிரத்து இருபத்தேழு பாட்டு. நாட்டுப்படலத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடுகிறார் பார், மேகம் கடலில் நீர் மொண்டு மலையில் பொழிகிறது, ஆறு பெருக்கெடுக்கிறது, வயலில் நாற்று நடுகிறார்கள், மருத நிலம் கண்கொள்ளவில்லை! மக்காவில் ஏது நெல் வயல்? எட்டயபுரத்துக் கரிசல்காட்டில் உட்கார்ந்துகொண்டு தஞ்சாவூரைக் கனவு கண்டு அரபு நாட்டுக்கு அனுப்பிவிட்டார் மனிதர். தம் வீடு மாதிரி ஆக்கிக்கொள்கிற வேலையை எனக்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒரு முஸ்லிம் புலவரே செய்திருக்கிறார் என்று பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஸ்ரீரங்கத்தில், பெருமாளைக் காதலித்த சுல்தான் மகள் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்காக ரொட்டி படைக்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். அங்கே பெருமாளே கைலி கட்டிக்கொள்கிறார்.

அதற்காக உன் தம்பி சொன்னதை முழுக்க ஒத்துக்கொண்டேன் என்று எண்ணிவிடாதே. வாப்பாவும் அந்தப் பதினேழு முறையை ஒருநாள் தவறாமல் ஓதியவர்தான். ஓதிவிட்டுத்தான் வியாழக்கிழமை இரவு தர்காவுக்கும் போனார். அதே வசனம், அதே வீடு. வாப்பாவுக்கு இரண்டும் முட்டவில்லை, மகனுக்கு முட்டுகிறது. வாப்பாவுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அவன் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்கிறது. ஆனால் அது உங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு. திண்ணையில் உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவன் வெளியே வரும்வரை காத்திருந்து அதைச் சொன்னேன். "அட விடுங்கள் அண்ணே" என்று தோளைத் தட்டினான். பத்திரம் இன்னும் முடியவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதாம்.

நோன்பு நெருங்குகிறது. பிறை பார்த்ததும் வழக்கம் போல உனக்கு வாழ்த்து அனுப்புவேன். ஐம்பது வருடமாக வாழ்த்தியிருக்கிறேனே தவிர, உன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேட்டால் சங்கடப்படுவாயோ என்று மரியாதையாக இருந்துவிட்டேன். அந்த மரியாதையில் பாதி சோம்பல். ஆகவே இப்போது ஒன்று கேட்கிறேன்.

1983இல் வாப்பா மௌத்தானது நோன்பு மாதம், ஜூன் வெயில். நான் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தடாகத்தின் ஓரம், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வாப்பாவின் உடல் இருந்த சந்தூக்கை முன்னால் வைத்து வரிசையாக நின்றீர்கள். நீ முன் வரிசையில் இருந்தாய். நான்கு முறை "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கேட்டது. நீங்கள் தொழும்போது குனிவதையும் நெற்றியைத் தரையில் வைப்பதையும் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்று யாரும் குனியவில்லை. கடைசி வரைக்கும் நின்றபடியே இருந்து, நின்றபடியே முடித்துவிட்டீர்கள். அது ஏன் என்று அன்றே உன்னைக் கேட்க நினைத்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய். அப்புறம் கேட்கவே இல்லை.

அந்த நான்கு தக்பீருக்கு நடுவே வாய்க்குள் என்ன ஓதினாய்? நிதானமாக எழுது, அவசரம் இல்லை.

உன்,
முன் பெஞ்சுக்காரன்