அது கட்சி தாவல் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழ் எங்கள் ஊருக்கு வந்துசேரத் திங்கள் மத்தியானம் ஆகிவிடும். அதனால் கோபமும் ஒருநாள் பிந்தித்தான் வந்தது, பொறுத்தருள வேண்டும். அமெரிக்காவின் சுகாதாரக் காப்புறுதிச் சண்டை பற்றிய அரைப்பக்கக் கட்டுரையில் 'கட்சி தாவிய ஜோன் மக்கெய்ன்' என்று ஒரு வரி இருந்தது. நான் 28 வருடம் குடியியல் படிப்பித்தவள். ஒரு பிள்ளை விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருப்பேன். பத்திரிகைக்கு வட்டம் போட வழியில்லை, கடிதம்தான் போடலாம்.

குடியரசுக் கட்சியின் செனற் உறுப்பினரான மக்கெய்ன் எங்கே தாவினார்? 2017 ஜூலை 28, விடிய ஒன்றரை மணிபோல், செனற் சபையில் பெருவிரலைக் கீழே காட்டி எதிர்த்து வாக்களித்தார். ஒபாமா காலத்துக் காப்புறுதிச் சட்டத்தின் முக்கிய பகுதிகளை நீக்க அவருடைய கட்சி கொண்டுவந்த சட்டமூலம் 49க்கு 51 என்று தோற்றது. மறுநாளும் அவர் குடியரசுக் கட்சிக்காரர்தான். 2018 ஓகஸ்ட் 25இல் மூளைப் புற்றுநோயோடு கண்மூடும்வரை அதே கட்சிதான். ஒபாமாவின் காப்புறுதிச் சட்டம் வந்தபோதே எதிர்த்து வாக்களித்தவர், கடைசிவரை அது அவருக்குப் பிடிக்கவுமில்லை. குழுவில் வைத்து ஆராயாமல், மற்றப் பக்கத்தோடு பேசாமல், இராவோடு இராவாகச் சட்டம் செய்கிற முறைக்குத்தான் அவர் மறுப்புச் சொன்னார். வியட்நாமில் ஐந்தரை வருடம் சிறையிருந்தவர், முறிந்த கைகளைத் தலைக்கு மேல் தூக்க ஏலாதவர். அந்தக் கையின் படத்தை மூன்று பத்தி அகலத்துக்குப் போட்டிருந்தீர்கள். அந்தச் சட்டமூலம் நிறைவேறினால் 2026இல் காப்புறுதி இல்லாதோர் தொகை 1 கோடி 60 இலட்சத்தால் கூடும் என்று அவர்களுடைய காங்கிரசின் வரவுசெலவு அலுவலகமே கணக்குச் சொன்னது. அதற்கு இடம் போதவில்லைப் போலும்.

கட்சி தாவல் எப்படியிருக்கும் என்று எங்களைக் கேளுங்கள். இங்கே இலங்கையில் 2018 ஒக்டோபர் 26இல், ஜனாதிபதி பிரதமரை நீக்கி இன்னொருவரை நியமித்ததோடு தொடங்கிய அந்த 52 நாட்களை மறந்துவிட்டீர்களா? காலையில் ஒரு பக்கம் இருந்தவருக்குப் பின்னேரம் பதவியேற்பு. 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்குக் கை தூக்கிய எதிர்க்கட்சிக்காரர்களை நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. குரங்கு கொப்பிழக்கப் பாயாது என்பார்கள். பழைய இதழ்களைக் கட்டி வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்த்தேன். இவர்களைப் பற்றி எழுதும்போது உங்களுக்கு வந்த சொல் 'அரசுடன் இணைந்து செயற்படத் தீர்மானித்துள்ளார்'. ஆக, கதிரை வாங்கியவர் இணைந்து செயற்படுகிறார், ஒன்றும் வாங்காதவர் தாவுகிறார். நல்ல தமிழ்.

இன்னொன்று. 'மேலும் இரு பெண் உறுப்பினர்களும்' என்று ஓரிடத்தில் வருகிறது. மக்கெய்னோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்த அவர்களுக்குப் பெயர் இல்லையா? மேய்ன் மாநிலத்தின் சூசன் கொலின்ஸ், அலாஸ்காவின் லிசா மேர்கோவ்ஸ்கி. விவாதத்தைத் தொடங்கலாமா என்று மூன்று நாள் முன்னர், 25ஆம் திகதி, வாக்கெடுத்தபோதே இந்த இருவரும் கட்சிக்கு எதிராக நின்றார்கள். மக்கெய்ன் அன்றைக்கு ஆம் என்றவர். முதலிலேயே மறுத்தவர்கள் 'மேலும் இருவர்', கடைசியில் விரல் காட்டியவருக்கு மூன்று பத்தி. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் சமையல் முழுக்கச் செய்துவிட்டுப் பின்வரிசையில் இருந்த ரீச்சர்மார் எல்லோருக்கும் இது விளங்கும்.

கட்சி வரியைத் தாண்டிய கதைதான் வேண்டுமென்றால் ஜோசப் காவோவை எழுதியிருக்கலாமே. சைகோன் விழுந்த 1975இல் எட்டு வயதில் வியட்நாமைவிட்டு அகதியாக ஓடிய பிள்ளை. வளர்ந்து, நியூ ஓர்லியன்ஸ் நகரத்திலிருந்து குடியரசுக் கட்சியில் தெரிவானார். 2009 நவம்பர் 7 இரவு, ஒபாமா பக்கத்தின் காப்புறுதிச் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 220க்கு 215 என்று நிறைவேறியபோது அவருடைய கட்சியிலிருந்து ஆதரித்த ஒரேயொருவர் அவர். அந்த இரவில் நாங்கள் போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் படுத்திருந்தோம், வெளியுலகில் என்ன நடக்கிறதென்று தெரியாது. பிறகொரு நாள் இதை வாசித்தபோது, அகதியாய் இருந்தவனுக்குத்தான் மருந்தின் அருமை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். முழுவதையும் சொல்லவேண்டும்: 2010 மார்ச்சில் இறுதிச் சட்டமூலம் வந்தபோது, கருக்கலைப்பு விடயத்தில் உடன்பாடில்லை என்று எதிர்த்து வாக்களித்தார். அந்த நவம்பரில் தேர்தலிலும் தோற்றார். இவரைப் பற்றி ஒரு வரி?

உங்கள் கட்டுரையாளர் முடிக்கும்போது, காப்புறுதி அமெரிக்கர்களின் தலையிடி, எங்களுக்கு இலவச மருத்துவம் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லியிருந்தார். இருக்கிறதுதான். என் இரண்டு பிள்ளைகளும் பிறந்ததற்கு ஒரு சதம் கட்டவில்லை. இப்போது 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வண்டி வருகிறது. ஆனால் 2022இல் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது படுக்கை இருந்தது, டொக்டர் இருந்தார், மருந்து இல்லை. நேர்ஸ் பிள்ளை சின்னத் துண்டொன்றில் எழுதித் தந்து, "வெளியில எடுத்துக்கொண்டு வாங்கோ அம்மா" என்றாள். குரலில் அவளுக்கே வெட்கம். பெற்றோல் இல்லாத காலம், மருமகன் சைக்கிளில் கடை கடையாக அலைந்தார்.

சம்பளத்தில் மாதாமாதம் காப்புறுதிக்குக் கழித்தார்கள்தானே என்று, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பழைய ஐஸ்கிறீம் பேணியொன்றில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தேன். 38,000 ரூபாய்க்குக் கிட்ட வரும். எங்களுடையது தகரக் கூரை வீடு, வெக்கைக்கு அந்தத் தாளின் எழுத்து அழியுமென்று நான் யோசிக்கவில்லை. படிவம் நிரப்பப் பேணியைத் திறந்தால், வழுவழுவென்ற அந்தத் தாள்களில் எழுத்தைக் காணவில்லை. சிலதில் மருந்துக் கடையின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, சிலதில் அதுவுமில்லை. இருந்ததை அப்படியே அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். தமிழும் அரசகரும மொழி, 13ஆவது திருத்தம், 1987 என்று எத்தனை பிள்ளைகளுக்குப் பாடமாக்கியிருப்பேன்! கொமினிகேசன் கடைத் தம்பி, என்னிடம் படித்தவன்தான், கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "ரீச்சர், நீங்க வெறும் பேப்பர் அனுப்பினதாம்."

கணவர் இப்போது சுகம். உங்கள் குறுக்கெழுத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார், போன கிழமை விடையை நீங்கள் போட மறந்துவிட்டீர்கள் என்று சொல்லச் சொன்னார்.

எங்கள் ஊரை 'ஒட்டிசுட்டான்' என்று அச்சிட்டதற்கு முன்பொருமுறை எழுதினேன். ஒட்டை, அதாவது அறுவடைக்குப் பின் நிற்கும் தாளை, சுட்டதால் வந்த பெயர் என்பார்கள், 'ஒட்டி' அல்ல என்று விளக்கமும் வைத்தேன். அது வெளிவரவில்லை. இதுவும் வராமல் போகலாம். முழுக்கடிதத்தையும் போடுங்கள் என்று கேட்கவில்லை. 'கட்சி தாவிய' என்பதைக் 'கட்சிக்கு எதிராக வாக்களித்த' என்று திருத்தி, அந்த இரண்டு பெண்களின் பெயரோடு ஒரு மூலையில் போட்டால் போதும். இடம் மிஞ்சினால் சுகாதாரப் பக்கத்தில் ஒரு வரி: மருந்து வாங்கிய அன்றைக்கே பற்றுச்சீட்டைப் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடியியல் ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.