செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் முறையாக நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நமது அமெச்சூர் வானொலிக் கழகத்தின் இவ்வாண்டு உழைப்பில் பெரும்பகுதி கியூ.ஓ.-100 கேட்பு நிலையத்திற்கே சென்றதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டுச் செயற்கைக்கோளில் உள்ள கியூ.ஓ.-100 என்னும் இந்த அமெச்சூர் டிரான்ஸ்பாண்டர் (வானொலி ஆர்வலர்களின் சைகைகளைப் பெற்றுத் திருப்பி அனுப்பும் கருவி), சேலத்திலிருந்து பார்க்க மேற்கு வானில் ஏறத்தாழ 29 பாகை உயரத்தில் நிற்கிறது. அதன் வழியே இடைவிடாது வரும் அடையாளச் சைகையான 10489.75 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் நமது மொட்டைமாடி டிஷ்ஷில் தெளிவாகவே கேட்டது. ஆனால் வெயில் ஏற ஏற அது கேட்கும் அதிர்வெண் மாறிக்கொண்டே இருந்தது. டிஷ்ஷின் முனையில் சைகையைப் பெற்று, அதிலிருந்து 9750 மெகாஹெர்ட்ஸைக் கழித்துத் தரும் கருவியே எல்.என்.பி.; அதற்குள் இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் அதிர்வை 390 மடங்காக்கித்தான் அந்த 9750 மெகாஹெர்ட்ஸ் பெறப்படுகிறது என்பதால், கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே நாம் கேட்பது 9.75 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய்விடும். ஒருவர் பேச்சுக்குத் தேவையான அகலமோ 2.7 கிலோஹெர்ட்ஸ்தான். டி.வி. அலைவரிசை மிக அகலமானது என்பதால், டி.வி. பார்ப்பவருக்கு இந்த விலகல் தெரியவே தெரியாது.

பெரிய டிஷ் வாங்கலாம் என்று சில உறுப்பினர்கள் கூறினர். பெரிய டிஷ் ஒலியை வலுவாக்குமே தவிர நிலைநிறுத்தாது என்பதால், அந்தப் பணத்தை ஜி.பி.எஸ். சைகையைக் கொண்டு அதிர்வைத் துல்லியமாக வைத்திருக்கும் ஆஸிலேட்டருக்குச் செலவிடுவதென்று செயற்குழு முடிவு செய்தது. அது சரியான முடிவு என்பதே என் உறுதியான கருத்து.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர், இரட்டை இணைப்புள்ள எல்.என்.பி.யைத் திறந்து, உருப்பெருக்கியின் கீழ் அரிசியளவுகூடச் சேதமின்றிக் கிரிஸ்டலைக் கழற்றினார். இரண்டாம் இணைப்பின் பழைய தடத்தை வெட்டி, மின்னழுத்தம் உள்ளே புகாதபடி ஒரு கெப்பாசிட்டர் வழியாக, அந்த இணைப்பின் மூலம் வெளி ஆஸிலேட்டரின் 25 மெகாஹெர்ட்ஸைச் செலுத்தினோம். முதலில் சோதித்த மலிவான ஆஸிலேட்டர் மாட்யூலில் மோர்ஸ் ஒலி கரகரத்தது. மூல அதிர்வின் இரைச்சலும் 390 மடங்குப் பெருக்கத்தில் ஏறத்தாழ 52 டெசிபல் உயர்வதே காரணம். தூய மூலத்திற்கு மாறியபின் நடுப்பகலிலும் பீக்கன் அசையவில்லை. நூறு கோடியில் ஒரு பங்கு பிழை இருந்தாலும் விலகல் 10 ஹெர்ட்ஸைத் தொடாது.

அடுத்து ஏற்காட்டில் இதே அமைப்பை நிறுவ உத்தேசித்துள்ளோம். அங்குள்ள சில்வர் ஓக் மரங்கள் மேற்குத் திசையை மறைப்பதால், மேற்கே வானம் திறந்த இடம் அறிந்த எஸ்டேட் உறுப்பினர்கள் செயற்குழுவிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.