அம்மாவின் சங்கிலி

நியூ ஜெர்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மறுநாளே பேப்பரும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. என் நமஸ்காரத்தைச் சொல்.

கூடவே ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "அங்கே பள்ளிக்கூடம் இலவசம்தானே, பிள்ளையைப் படிக்கவைக்க வக்கீல் எதற்கு?" பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கோபம் வந்து எழுந்துவிட்டேன். அதனால்தான் இந்த மூன்று வாரத் தாமதம்.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மகனைப் போன்ற மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை ஒரு காலத்தில் இங்கே பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவுகட்டியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதி, அதற்கு வேண்டிய பேச்சுப் பயிற்சி, உதவியாளர் எல்லாவற்றையும் கட்டணமின்றித் தர வேண்டும். நாடு முழுவதும் ஒரு மாணவருக்குச் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை, இப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொருவருக்கும் தருவதாக மத்திய அரசு சொன்னது. ஒரு வருடம்கூட அந்த அளவைத் தொடவில்லை. பெரும் பாரம் மாநிலத்தின் மீதும் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் என்ற அமைப்பின் மீதும் விழுகிறது. வாரம் இரண்டு முறை தரும் பயிற்சியை நான்காக்குங்கள் என்று கேட்டவுடன் எதிரில் இருப்பவர்களின் முகம் ஏன் மாறுகிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. அவனுடைய திட்டத்தில் மூன்று வருடமாக ஒரே இலக்கு: "பத்து முறையில் எட்டு முறை பையிலிருந்து புத்தகத்தை எடுப்பான்." மூன்றாம் வருட அறிக்கையில் நான்கு இடங்களில் "அவள்" என்று இருந்தது. வேறு ஏதோ ஒரு சிறுமியின் அறிக்கையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த நான்கு இடங்களிலும் பென்சிலால் வட்டம் போட்டேன். கை நடுங்கியது. அந்தச் சிறுமி இப்போது எப்படி இருக்கிறாள் என்றுகூட நினைத்தேன்.

எழுதிக் கேட்டோம், கூட்டத்தில் கேட்டோம். மாநிலம் ஏற்பாடு செய்யும் சமரசப் பேச்சு இலவசம், அதற்கும் போனோம். கடைசியில் நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் விசாரணை கேட்டு மனுப்போட்டோம். எங்கள் வக்கீலுக்கு மணிக்கு 400 டாலர். மாவட்டத்தின் வக்கீலுக்குப் போவது ஊர் வரிப்பணம். அதில் நாங்கள் கட்டிய வரியும் உண்டு.

ஆனால் இப்படிப்பட்ட வழக்கு வக்கீலின் வாதத்தால் மட்டும் நிற்பதில்லை. பிள்ளையை வகுப்பறையில் பார்த்து, சோதித்து, இவனுக்கு இன்னது வேண்டும் என்று நீதிபதியிடம் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும். அதற்குத்தான் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி போனது. விடுதியில் நீ ஆண்டுவிழாவுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டாயே, அதேதான். ஓக் ட்ரீ ரோடில் ஒரு நகைக்கடையில் கொடுத்தேன். தராசில் வைத்தபோது கொக்கியில் அம்மா சுற்றியிருந்த சிவப்பு நூல் அப்படியே இருந்தது. அதை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வென்றால் செலவு திரும்ப வருமே என்பாய். வக்கீல் கட்டணத்தைக் கேட்கலாம்; 1986இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைக் கொடுத்தது. நிபுணரின் கட்டணம் அதில் சேராது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மர்பி வழக்கு என்பார்கள். அந்தப் பெற்றோர் பிள்ளைக்கான வழக்கில் வென்றவர்கள். நிபுணருக்காக அவர்கள் கேட்டது 29,350 டாலர். நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் நிபுணர் செலவும் சேரும் என்று இருந்தது. சட்டத்தின் வாசகத்தில் அப்படி இல்லை என்று ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் மறுத்தார்கள். இதை மாற்றப் பலமுறை மசோதா வந்தது, ஒன்றும் நிறைவேறவில்லை. வென்றாலும் அந்தச் சங்கிலி திரும்பாது, செல்வி.

இன்னொன்றையும் சொல்கிறேன், உன் பள்ளியில் யாருடைய அண்ணனோ அக்காவோ இங்கே இருந்தால் தெரியப்படுத்து. பள்ளி செய்த மதிப்பீட்டை ஏற்கவில்லை என்று எழுதிக்கொடுத்து வெளியார் மதிப்பீடு கேட்டால், மாவட்டம் அதற்குப் பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் தன் மதிப்பீடு சரிதான் என்று அதுவே விசாரணைக்குப் போக வேண்டும். எங்களுக்கு இது பணத்தைக் கட்டிய பிறகே தெரிந்தது. பள்ளி தரும் உரிமைக் கையேட்டில் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

விசாரணைக்குப் பத்து நாள் முன்னால் ஒப்பந்தம் பேசி முடித்தார்கள். என்ன கிடைத்தது என்று வெளியே சொல்லக் கூடாது என்று அதில் ஒரு பத்தி. உன்னிடம்கூட எழுத முடியாது. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன, அதனால் அடுத்த வீட்டுத் தாய் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது.

பயிற்சி நிலையத்தில் ஒரு தாயைப் பார்ப்பேன். கிடங்கில் இரவு வேலை, உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அவளுடைய பெண்ணுக்கும் எங்கள் மகனுக்கு வேண்டியதேதான் வேண்டும். "பள்ளி கொடுத்த திட்டத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன், வக்கீலுக்கு நான் எங்கே போவேன்?" என்றாள். அவளிடம் விற்க ஒரு சங்கிலி இல்லை. விசாரணையில் தன் திட்டம் சரியென்று மாவட்டம்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2008 முதல் எங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. விசாரணை வரை போக முடியாதவளுக்கு அதனால் என்ன பயன்? அடுத்த வாரம் அவளோடு உட்கார்ந்து, மாநிலக் கல்வித் துறைக்கு ஒரு புகார் எழுதப்போகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

மகன் இப்போது ஒரு பலகை வைத்திருக்கிறான். படத்தைத் தொட்டால் அது பேசும். தமிழில் சில சொற்களை நான் என் குரலிலேயே பதிந்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை "இன்னும்", "தோசை" என்று இரண்டையும் அடுத்தடுத்துத் தொட்டான். மாவு தீரும்வரை ஊற்றினேன்.

உன் படத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறேன். "சித்தி" என்று உன் குரலில் பதிந்து போனில் அனுப்பு. பின்னால் மின்விசிறிச் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள். சத்தம் கலந்தால் அவனுக்குப் பிடிக்காது.

அன்புடன்,
உன் விடுதித் தோழி