டான் கே எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேசை விளையாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கற்பனைப் பாத்திரமேற்று ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆரை 1973-இல் தொடங்கி 1997-இல் கைமாறிய ஒரே நிறுவனமாகச் சொல்கிறது. வருடங்கள் சரி. ஆனால் நடுவில் நடந்த பெயர் மாற்றத்தை விட்டுவிட்டால் டான் கே என்ற மனிதரும் விடுபட்டுப் போகிறார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற ஊரில், அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் கேயும் கூட்டாகத் தொடங்கிய தொழிலுக்கு டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ், சுருக்கமாக டி.எஸ்.ஆர்., என்று பெயர். ஊரிலிருந்த போர் விளையாட்டுக் கழகமான லேக் ஜெனிவா டாக்டிகல் ஸ்டடீஸ் அசோசியேஷனின் பெயரை ஒட்டி வைத்தது. கேட்டால் ஏதோ ராணுவப் பாடநூல் பதிப்பகம் போலத்தான் இருக்கும்! கைக்காசு போதாமல் பிரையன் புளூமையும் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, 1974 ஜனவரியில் விளையாட்டை ஆயிரம் பிரதிகள் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து முத்திரையில் ஜி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும். கைகாக்ஸ், கே.

மறு வருடம் ஜனவரி கடைசியில் கே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 36. அவருடைய பங்கு மனைவிக்குப் போனது. சில மாதங்களில் கைகாக்ஸும் புளூமும் டி.எஸ்.ஆர். ஹாபீஸ் என்று புதுக் கம்பெனி பதிவு செய்தார்கள். பழைய கூட்டின் சொத்துகளை அது வாங்கிக்கொண்டது. முத்திரையில் ஜி-கே போய்ப் பல்லி மனிதன் வந்து உட்கார்ந்தான். மூன்றெழுத்து மட்டும் மாறாததால், கடையில் பெட்டியை எடுத்துப் பார்த்தவருக்கு இது வேறு கம்பெனி என்று தெரிய வழியில்லை.

வெறும் பெயர்ப்பலகை மாற்றம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புதுக் கம்பெனியில் புளூமின் தந்தையும் பணம் போட்டார்; கைகாக்ஸின் பிடி அங்கேயே தளர்ந்துவிட்டது. 1985-இல் புளூம் குடும்பத்தின் பங்குகளை கம்பெனி நிர்வாகி லொரெய்ன் வில்லியம்ஸ் வாங்கியதும் கைகாக்ஸ் வெளியேற நேர்ந்ததற்கு வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

அதற்குள் 1983-இல் கம்பெனியை நான்காக உடைத்து, ‘ஹாபீஸ்’ என்ற வாலையும் நறுக்கிவிட்டிருந்தார்கள். 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற விளையாட்டு நிறுவனம் அதை வாங்கியது. 2000-இல் வந்த விளையாட்டின் மூன்றாம் பதிப்பு அவர்கள் பெயரில்தான் வந்தது. அப்புறம் அந்த மூன்றெழுத்தை வேறு ஆட்கள் எடுத்து வைத்துக்கொண்டதும், வழக்கு நீதிமன்றம் வரை போனதும் தனிக் கதை.

கட்டுரையில் கைகாக்ஸுக்குப் பெரிய படமே போட்டிருக்கிறீர்கள். இணையப் பதிப்பில் கேயின் பெயரை ஒரு வரியிலாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு