கூப்பிடும் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. பாம்பனில் விசைப்படகுக்காரர்கள் வலை, ஐஸ், டீசல் என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

நீ போனில் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பையன் என்று பள்ளியில் சேர்க்கப்பட்ட உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, தன்னைப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி உன்னிடம் தனியாக வந்து கேட்டிருக்கிறாள். ஆசிரியர் அறையிலோ, 'திருநர் என்ற சான்றிதழ் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்கிறார்களாம். பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதியே காலம் தள்ளியவன் சொல்கிறேன் தாயி, பதிவேட்டில் பெயரை மாற்றத்தான் காகிதம் வேண்டும். வாயால் கூப்பிட எதுவும் வேண்டாம்.

நம் கடற்கரைப் பள்ளிகளில் பதிவேட்டுப் பெயரில் யாரைக் கூப்பிட்டோம்? ஒரே வகுப்பில் நாலைந்து அந்தோணி இருப்பான். ஒருவன் சுருட்டை, ஒருவன் கட்டையன், இன்னொருவனுக்கு அவன் தாத்தா பெயர். வாத்தியார்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எவரும் அரசிதழ் கேட்டதில்லை. இந்தப் பிள்ளை கேட்கும்போது மட்டும் எல்லோருக்கும் சட்டம் ஞாபகம் வருகிறது!

சரி, சட்டத்தையே பார்ப்போம். 2014 ஏப்ரல் 15, நம் கடலில் தடைக்காலம் தொடங்கும் அதே தேதி, அதனால் எனக்கு மறக்காது. அன்றுதான் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிப்பது அவர் உரிமை, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. 2019இல் வந்த சட்டம் கல்வி நிலையங்களில் திருநர்களிடம் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. அந்தச் சட்டப்படி அடையாளச் சான்றிதழ் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே 'சான்றிதழ் வரட்டும்' என்றால் 'வீடு சம்மதிக்கட்டும்' என்றுதான் அர்த்தம். வீட்டில் சொல்ல முடிந்திருந்தால் உன்னிடம் ஏன் தனியாக வருகிறாள்?

அதனால் முதலில் அவளிடமே கேள். எல்லோர் முன்னாலும் அந்தப் பெயரா, உன்னிடம் மட்டுமா? அப்பா அம்மா பள்ளிக்கு வந்தால் எது? நல்லெண்ணத்தில் நீ சொன்ன ஒரு வார்த்தை வீட்டில் அவளுக்கு அடியாக விழலாம். பெயரை விழுங்கினாலும் 'வந்தாள்', 'எழுதினாள்' என்று நம் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும், அதிலும் கவனம் வேண்டும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையுமே 'வாங்க, சொல்லுங்க' என்று பேசிப் பார். வாடா போடா குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வருகைப் பதிவுக்கு என்ன செய்வது என்று கேட்டாயே, மொத்த வகுப்பையும் வரிசை எண் சொல்லி அழை. அவள் மட்டும் தனியாகத் தெரிய மாட்டாள்.

என்றாவது வீடு ஒத்துக்கொண்டால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் மாற்றப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்டால் அப்புறம் பெரிய அலைச்சல். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவே ஜனங்கள் சென்னைவரை அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியரிடம் நீயே போய்ப் பேசு, வேறு யார் மூலமும் சொல்லி அனுப்பாதே. அவர் என்ன சொன்னார் என்று எழுது. அம்மா நெத்திலிக் கருவாடு அனுப்பியிருக்கிறாள், வெயிலில் ஒருமுறை காயவைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா